தோரணங்களின் அரசியல்: ஒரு மனுவை மறுவாசிப்பு செய்தல்

1

சில வருடங்களுக்கு முன் செங்கல்பட்டில் நான் குடியிருக்கும் தெருவுக்காக ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்க மனு. அதன் உயிர் ஒரே வாக்கியத்தில் இருந்தது: 'பொது இடத்தில் எந்த மதத்தின் அலங்காரமும் கூடாது.'

நடந்தது இதுதான். எங்கள் தெருமுனையில் ஒரு மின்கம்பம். டிசம்பர் பிறந்ததும் தெருவிலுள்ள இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் அதில் ஒரு காகித நட்சத்திரம் கட்டுவார்கள். உள்ளே ஒரு பல்பு எரியும். அவ்வளவுதான். அந்த வருடம் சிலர், "கரண்டு கம்பம் எல்லாருக்கும் பொதுவாச்சே, இதென்ன வழக்கம்?" என்று கிளப்பினார்கள். தெருவில் எழுதத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்ததால் என்னிடம் வந்தார்கள். எனக்கோ உள்ளூர ஒரு கணக்கு. நட்சத்திரம் போனால் ஆவணியில் அதே முனையில் வழியை மறித்துப் போடும் பிள்ளையார் பந்தலும் போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 'எந்த மதத்தின்' என்ற சொற்களின் கீழ் நானே கோடும் போட்டேன். முதல் கையெழுத்தும் நான்தான்.

இரண்டே நாளில் நட்சத்திரம் இறங்கியது. அடுத்த ஆவணியில் பந்தல் எழும்பியது. அதன் சீரியல் செட்டுக்கு அதே கம்பத்திலிருந்து ஒயர் இழுத்திருந்தார்கள். மனுவின் நகலோடு போய்க் கேட்டேன். சம்பந்தப்பட்டவர் மரியாதையாகவே பேசினார்: "சார், நீங்க எழுதினது மதத்தைப் பத்தி. இது மதமில்ல சார், விழா. ஜோடனைதானே, அஞ்சு நாள்ல எடுத்துருவாங்க."

அவர் ஏமாற்றுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நான் எழுதிய பிரதியை அவர் என்னைவிடச் சரியாக வாசித்திருந்தார். அதில் இருந்த மூன்று சொற்களும் – பொது, மதம், அலங்காரம் – நடுநிலையான சொற்கள் என்று நான் நம்பினேன். அவை ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும் சொற்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கட்டுரை என் மனுவுக்கு நானே எழுதும் விமர்சனம்.

2

முதலில் 'பொது'. ஹேபர்மாஸ் 1962இல் எழுதிய நூலின் வழியாக நமக்கு வந்துசேர்ந்த 'பொதுவெளி' என்பது காப்பிக்கடைகளிலும் பத்திரிகைகளிலும் தனிமனிதர்கள் கூடி விவாதித்து உருவாக்கிய ஒன்று. நம்மூரில் 'பொது' அப்படிப் பிறக்கவில்லை. இங்கே ஊர் இருந்தது, சேரி இருந்தது. ஊர்ப் பொதுக்கிணறு என்றால் ஊருக்குப் பொது, சேரிக்கு அல்ல. தேரோடும் வீதியும் பொது வீதிதான். ஆனால் யார் வாசலில் தேர் நிற்கும், யார் கை வடத்தில் படலாம் என்பதை அந்தப் 'பொது'வே தீர்மானித்தது. யாருக்கும் பட்டா இல்லாத நிலத்துக்கு வருவாய்த் துறை வைத்த பெயர் புறம்போக்கு. அந்தச் சொல்லே நம்மிடம் ஒரு மனிதனைத் திட்டும் வசையாகவும் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் உரியது எதுவோ அது யாருக்கும் மதிப்பில்லாதது என்றுதான் நம் மொழி நினைக்கிறது.

இந்தப் 'பொது'வைத் திறந்துவிட வேண்டும் என்ற குரல் எழுந்த இடங்களில் செங்கல்பட்டும் ஒன்று. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு இங்கேதான் கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்த மாநாடு அது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968இல், அரசு அலுவலகங்களில் மாட்டியிருக்கும் சாமி படங்களை அகற்றச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போயிற்று. என் மனுவுக்கும் அந்தச் சுற்றறிக்கைக்கும் ஒரே மரபணு. அதை நான் மறுக்கவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை.

ஆனால் அந்தச் சுற்றறிக்கைக்கு என்ன ஆயிற்று என்பதை எந்த அலுவலகத்திலும் சரஸ்வதி பூஜையன்று போய்ப் பார்க்கலாம். ஜீப்புக்குச் சந்தனப்பொட்டு, பீரோவுக்கு மாலை, வாசலில் வாழைக்கன்று, நடு ரோட்டில் உடைத்த பூசணிக்காய். கேட்டால், "ஆயுதத்துக்கு மரியாதை செய்றோம், இதுல மதம் எங்க வந்துச்சு?" என்பார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அதில் மதம் தெரியவில்லை. தன் மூக்கு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதுபோல.

3

ஆக, இரண்டாவது சொல்: 'மதம்'. பெரும்பான்மையின் மதம் தன்னை மதம் என்று அறிவித்துக்கொள்ள வேண்டிய அவசியமே எழுவதில்லை. அது 'பண்பாடு', 'வழக்கம்', 'விழா' என்ற பெயர்களில் உலவிக்கொள்ளலாம். மதம் என்ற பெயர்ப்பலகையைச் சிறுபான்மைதான் சுமந்தாக வேண்டும். இது இங்கு மட்டும் நடக்கிற சங்கதி அல்ல.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பாட்டக்கெட் நகராட்சி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு குடில் வைத்தது. அரசமைப்புப்படி இது சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் 'தவறில்லை' என்று தீர்ப்பு. காரணம், குடிலோடு சாண்டா கிளாஸும் கலைமான்களும் விளக்குகளும் இருந்தன. எல்லாம் சேர்ந்து பார்த்தால் அது ஒரு பருவகாலக் கொண்டாட்டம். 1989இல் பிட்ஸ்பர்க் வழக்கில் நீதிமன்றப் படிக்கட்டில் தனியாக இருந்த குடில் தவறு என்றார்கள். ஆனால் வேறொரு அரசுக் கட்டடத்தின் முன்னால் 45 அடிக் கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கத்தில் நின்ற 18 அடி யூத விளக்குத்தண்டு சரி என்றார்கள். அதாவது பக்கத்தில் எத்தனை பொம்மை நிற்கிறது என்று எண்ணிப் பார்த்துக் கடவுளா ஜோடனையா என்று முடிவு செய்தார்கள். முதல் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் ஒன்றைச் சரியாகவே பிடித்தார்கள்: 'இது வெறும் அலங்காரம்' என்று சொல்லிக் காப்பாற்றுவது, அதைக் கும்பிடுகிறவனையும் சேர்த்து அவமதிப்பதாகும்.

நம்மிடம் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. 1953 மே 27 அன்று திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் ஒரு மண் பிள்ளையாரை உடைத்தார். கடையில் காசு கொடுத்து வாங்கிய பொம்மை அது, யாரும் கும்பிடும் சிலையல்ல. ஆகவே குற்றமில்லை என்று கீழ்க்கோர்ட்டுகள் சொல்லின. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. கோயிலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பிரிவினர் எதைப் புனிதமாகக் கருதுகிறார்களோ அது புனிதப் பொருள்தான் என்று கூறிவிட்டு, வழக்கை மேலே கொண்டுபோகாமல் தள்ளுபடி செய்தது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களின் வழியாக நடந்து போகும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வரும். அங்கே மெஷின் தூசிக்குள் பிள்ளையாரும் புத்தரும் மாதாவும் வரிசையாக நிற்கிறார்கள். கண் திறக்கிற வரைக்கும் கல், அதற்கப்புறம் சாமி. கண்ணைத் திறப்பது உளி. ஆனால் அந்தக் கண்ணைப் பார்க்கிற கூட்டம் எவ்வளவு பெரியது என்பதில்தான் சட்டம் கவனமாக இருக்கிறது.

தெருமுனைப் பிள்ளையாருக்கும் வரலாறு உண்டு. 1893இல் புனேயில் திலகர் வீட்டுப் பிள்ளையாரை வீதிக்குக் கொண்டுவந்து அரசியல் திருவிழாவாக்கினார். தமிழகத்தில் களிமண்ணில் பிடித்து, எருக்கம்பூ மாலை போட்டு, குடை குத்தி, மூன்றாம் நாள் கிணற்றில் போட்டுவிடுகிற வீட்டுப் பண்டிகையாகத்தான் அது இருந்தது. 1983இல் இந்து முன்னணி திருவல்லிக்கேணியில் ஒரு சிலையை வைத்தது. அதிலிருந்துதான் இன்றைய ஊர்வலங்களின் கதை தொடங்குகிறது. 1990இல் அதே திருவல்லிக்கேணியில் ஊர்வலத்தை ஒட்டிக் கலவரம் நடந்தது. 2018இல் தமிழக அரசு ஆணை போட்டது: சிலை பத்தடிக்கு மேல் போகக்கூடாது; பிற மத வழிபாட்டிடம், பள்ளிக்கூடம், மருத்துவமனை பக்கத்தில் கூடாது. 2023இல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளை விற்கலாமா என்பதும் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 டிசம்பரில் திருப்பரங்குன்றத்தில் எழுந்த வழக்கு தீபம் ஏற்றலாமா என்பதல்ல, சிக்கந்தர் தர்கா இருக்கும் மலையில் எந்தத் தூணில் ஏற்றுவது என்பது.

இதில் ஒன்றைப் பார்க்கலாம். உயரம், தூரம், ரசாயனம், தூண் – அரசும் நீதிமன்றமும் அளக்கக்கூடியவற்றை அளந்துகொண்டே இருக்கின்றன. அளக்க முடியாத ஒன்று விட்டுப்போகிறது. இந்த அலங்காரம் யாரைப் பார்த்து, 'இது உன் தெரு இல்லை' என்று சொல்கிறது? மின்கம்பத்து நட்சத்திரம் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. மசூதி வாசலில் மேளத்தை நிறுத்தி அடிக்கிற ஊர்வலம் சொல்கிறது. என் மனு இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்தது. அதைத்தான் நான் நடுநிலை என்று நினைத்தேன்.

4

மூன்றாவது சொல் 'அலங்காரம்'. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறினால் மாமல்லபுரம். அந்தக் கடற்கரையில் மூன்று விதமான அலங்காரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று அரசின் அலங்காரம். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அங்கே சந்தித்தார்கள். ஐந்து ரதத்தின் அருகே காய், கனிகளால் தோரண வாயில், வழியெங்கும் வாழை, கடற்கரைக் கோயிலின் முன்னால் நாட்டியம், பிரதமர் வேட்டியில். தள்ளுவண்டிகளும் நடைபாதைக் கடைகளும் அப்புறப்படுத்தப்பட்டன. மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் பிரதமர் கடற்கரையில் குப்பை பொறுக்குவதை நாடே பார்த்தது. வாழையும் தோரணமும் கோயில் விழாவின் மொழி. அன்று அது விருந்தோம்பலின் மொழியாகவும் பண்பாட்டின் மொழியாகவும் வாசிக்கப்பட்டது. யாரும் மனு எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

இரண்டு, ஆவணியில் சுற்றுவட்டாரத்துப் பிள்ளையார்கள் லாரியேறி வந்து கரைவது. போலீஸ், தடுப்புக்கட்டை, கிரேன் எல்லாம் அங்கே தயாராக இருக்கும்.

மூன்றாவது மாசி மகம். அன்று தலசயனப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். அதே பௌர்ணமியில் செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் தங்குவார்கள். நாலு கழி நட்டு, பழைய சேலையைச் சுற்றினால் வீடு. விடியலில் ஈர மணலைக் குவித்து, படிபோலத் தட்டி, பூவும் தேங்காயும் விளக்கும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். அருள் வரும், வாக்கு வரும். அங்கேயே கல்யாணம் பேசுவார்கள், தாலி கட்டுவார்கள், பிள்ளைக்குக் காது குத்துவார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் தம் தொகுதிகளில் செங்கல்பட்டு நகரத்து இருளர்களைத் தனியாகவே எழுதியிருக்கிறார். இந்த மண்ணுக்கு அவர்கள் புதியவர்கள் அல்ல.

பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்கான 1959ஆம் வருட விதிகளில் ஒரு வரி உண்டு. சின்னத்தின் உள்ளே அனுமதியில்லாமல் கூட்டம், விருந்து, கேளிக்கை கூடாது. ஆனால் 'அங்கீகரிக்கப்பட்ட மத வழக்கத்தின்' பேரில் நடப்பதற்கு இது பொருந்தாது. யார் அங்கீகரிப்பது? ஏட்டில் பதிவான கோயிலுக்குப் பட்டாச்சாரியார் உண்டு, அறநிலையத் துறை உண்டு, ரசீதுப் புத்தகம் உண்டு. மணலில் செய்து மணலிலேயே விட்டுவிட்டுப் போகிற சாமிக்கு என்ன ரசீது? வேலிக்கு உள்ளே நடந்தால் அத்துமீறல், வேலிக்கு வெளியே நடந்தால் வேடிக்கை. ஒரு மாசி மகத்தில் என் கண்ணெதிரே ஒரு காவலர் சேலைக் கூடாரம் ஒன்றைக் காட்டி, "டூரிஸ்ட் வர்ற வழிம்மா, தள்ளிப் போடுங்க" என்றார். தள்ளிப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த டூரிஸ்ட்டுகள் தள்ளிப் போய் நின்று அவர்களைப் படம் எடுத்தார்கள்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? நானும் நோட்டுப்புத்தகத்தோடு போனவன்தான். ஒரு மணல் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாவிடம் கேட்டேன்:

"ஆயா, கொஞ்ச நேரத்துல அலை வந்து இதக் கொண்டுபோயிடுமே, கஷ்டமா இல்ல?"

"எதுக்குக் கஷ்டம்? அவ வூடே கடலுதான். வந்தா, வாங்கிக்கினா, போறா."

என் மனசில் கட்டுரை அங்கேயே முடிந்துவிட்டது. நிரந்தரமாக எதையும் பிடித்துக்கொள்ளாத, யாரையும் வெளியே தள்ளாத, தன்னைத் தானே அழித்துக்கொள்கிற அலங்காரம்! அதிகாரத்தின் தோரணங்களுக்கு எதிரான விளிம்புநிலை அழகியல்! வாய் விட்டும் சொல்லிவிட்டேன்: "அதுதான் ஆயா அழகு. எதையும் விட்டு வைக்காம போயிடறீங்க பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒனக்கு அழகா கீது தம்பி. எங்க குடிசையும் அப்பிடித்தான். வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா இருக்காது. சாமிக்கு மணலு போதும். எனக்கு மனக்கட்டு வோணும்."

5

அந்தப் பதிலிலிருந்து நான் இன்னும் முழுசாக மீளவில்லை. தற்காலிகம் என்பதைத் தேர்ந்தெடுப்பது வேறு. தற்காலிகமாகவே வைக்கப்படுவது வேறு. பட்டா இல்லாதவர்களின் அலங்காரம் காலையில் அழிந்துபோவதில் நான் கண்டுபிடித்த அழகியல், அவர்களுக்குப் பட்டா தராத நிர்வாகத்துக்கு மிக வசதியானது. தமிழகத்தில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசே பட்டியலிட்ட ஆறில் இருளரும் ஒருவர். 2021இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டது பெரிய செய்தியாயிற்று. அந்தத் தீபாவளியன்று, நவம்பர் 4இல், முதல்வர் ஸ்டாலின் பக்கத்துப் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா உள்ளிட்டவற்றை வழங்கினார். நல்லது. ஆனால் ஒரு பந்தியில் நடந்த அவமானம் ஊரெல்லாம் தெரிந்த பிறகுதான் அந்தக் காகிதம் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஆகவே 'எல்லாவற்றையும் தடை செய்' என்ற என் மனுவும் சரியில்லை. 'எல்லாவற்றையும் அனுமதி, பண்பாடுதானே' என்பதும் சரியில்லை. முதலாவது பலவீனமானவர் மேல் மட்டும் பாயும்; இரண்டாவது பலமானவருக்கு மட்டும் பயன்படும். பிட்ஸ்பர்க் நீதிபதிகள்போல ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு பொம்மை என்று வரிசையாக வைப்பதும் தீர்வல்ல. பொம்மை வைக்க வசதியில்லாதவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். ஒரு தோரணத்தைப் பார்த்தால் அதன் உயரத்தையும் அதில் சாமி இருக்கிறதா என்பதையும் கேட்பதற்கு முன்னால், அதன் கீழே நடக்க யார் தயங்குகிறார்கள் என்று கேட்கலாம். அதைக் கட்டுகிறவருக்கு அந்தத் தெருவில் வேறு என்ன இருக்கிறது, குடிநீர்க் குழாயா, வீடா, ஓட்டா என்று கேட்கலாம். இவை மனுவில் அடங்குகிற கேள்விகள் அல்ல. ஆனால் இவற்றைக் கேட்காமல் எழுதுகிற எந்த மனுவையும் அந்த அலுவலகத்துக்காரர் வாசித்தபடிதான் வாசிப்பார்கள்.

போன டிசம்பரில் அந்த இரண்டு வீடுகளில் ஒன்றுக்குப் போனேன். "கம்பத்துல நட்சத்திரம் கட்டுங்க, ஏணிய நான் புடிச்சுக்கறேன்" என்றேன். வீட்டுக்காரர் காப்பி கொடுத்தார். "பரவால்ல சார், ஜன்னல்லயே மாட்டிக்கறோம். உங்க மனு மாதிரியே பொது இடத்துல இல்லாம" என்றார். குத்திச் சொன்ன மாதிரி இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

பழைய மனுவிலிருந்து என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதி, தெருவில் வீடு வீடாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். போன தடவை நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை இதுவரைக்கும் இருப்பது என்னுடையது மட்டும்தான்.